ஏ9 றோட்டில கார் அலையுதெண்டா முதல்ல காஸ்டரைப் பாருங்கோ

வீல் அலைன்மென்ற் செய்தும் கார் அலையுது எண்டு சொல்லுற ஆக்களை நான் இஞ்ச வன்னியில நெடுகக் காணுறன். வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போய் மெசின்ல ஏத்தி காசும் குடுத்திட்டு வந்திருப்பினம், பேப்பரும் கையில இருக்கும், ஆனா ஓமந்தை தாண்டி ஏ9 எண்ட அந்தக் கண்டி - யாழ்ப்பாண நேர் றோட்டில ஏறின உடன ஸ்டியரிங்கை இஞ்சால கொஞ்சம் அங்கால கொஞ்சம் எண்டு பிடிச்சுக்கொண்டே இருக்கோணும், கை ஒரு நிமிசம் ஆறி இருக்க ஏலாது. பேப்பரை வாங்கிப் பாத்தா டோ (மேல இருந்து பாக்கேக்க சில்லு உள்ளுக்கோ வெளிக்கோ திரும்பி நிக்கிற அளவு) பச்சை, கேம்பர் (முன்னால இருந்து பாக்கேக்க சில்லு சாய்ஞ்சு நிக்கிற அளவு) பச்சை, காஸ்டர் (சில்லு திரும்புற அச்சின்ர முன்பின் சரிவு) எண்ட வரி மட்டும் சிவப்பு. கேட்டா "அது அட்ஜஸ்ட் பண்ண ஏலாது அண்ணை, அதால ஒண்டும் வராது" எண்டு சொல்லி அனுப்பியிருப்பினம்.

அட்ஜஸ்ட் பண்ண ஏலாது எண்டது கனக்கக் கார்களுக்குச் சரி. ஒண்டும் வராது எண்டதுதான் சரியில்லை. டோ பிழைச்சா ரயர் கெதியிலயே காட்டிக் குடுக்கும், கேம்பர் பிழைச்சா ஒரு கரை மொட்டையாகும், காஸ்டர் பிழைச்சா ரயரில பெரிசா ஒண்டும் தெரியாது, நோகிறது ஓடுற ஆளின்ர தோளும் கழுத்தும். அதால ஒருத்தரும் அதைத் தேடிப் பாக்கிறதில்லை. கார் கையில நிக்குதோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிறதில இந்தக் கோணத்துக்குத்தான் பெரிய பங்கு எண்டது என்ர உறுதியான எண்ணம், அதுவும் எங்கட பக்கம் மாதிரி நீட்டு நேர் றோட்டும் கிறவல் ஒழுங்கையும் மாறி மாறி வாற இடத்தில.

சைக்கிளைப் பாருங்கோ. முன் போர்க் நேரா நிலத்துக்கு இறங்குறதில்லை, மேல் பக்கம் ஓடுற ஆளை நோக்கிச் சரிஞ்சு கிடக்கும். அந்தச் சரிவை அப்பிடியே கோடா நிலம் மட்டும் நீட்டினா, கோடு நிலத்தைத் தொடுற இடம் ரயர் நிலத்தைத் தொடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால வரும். அப்ப ரயர் எப்பவும் அந்தப் புள்ளிக்குப் பின்னால இழுபட்டுக்கொண்டு வரும், திருப்பி விட்டாலும் தானா நேருக்கு வரப் பாக்கும். காரிலயும் அதே கதைதான். முன் சில்லு எந்த அச்சில திரும்புதோ, அதாவது கீழ போல் ஜொயின்டையும் மேல சொக் மவுன்ரையும் (டபிள் விஷ்போன் எண்டா மேல் போல் ஜொயின்டையும்) சேர்க்கிற கோடு, அது பக்கவாட்டில பாக்கேக்க எவ்வளவு பின்னுக்குச் சரிஞ்சிருக்கு எண்டதுதான் காஸ்டர். மேல் நுனி பின்னுக்குச் சரிஞ்சா பிளஸ், முன்னுக்குச் சரிஞ்சா மைனஸ். இப்ப ஓடுற கார் எல்லாத்துக்கும் பிளஸ்தான்.

கணக்கும் லேசு. சில்லின்ர நடுவில இருந்து நிலம் மட்டும் 28 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. காஸ்டர் 2 டிகிரி எண்டா அந்த முன் புள்ளிக்கும் ரயருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 1 சென்ரிமீற்றர், 4 டிகிரி எண்டா 2 சென்ரிமீற்றர். அவ்வளவுதானோ எண்டு நினைப்பியள், ஆனா ஸ்டியரிங்கை நேருக்கு இழுத்துக் கொண்டு வாறது இந்தச் சின்ன இடைவெளியும் ரயர் ரப்பர் தானா குடுக்கிற இன்னொரு கொஞ்சமும்தான், அதில 1 சென்ரிமீற்றர் கூடினா கையில வடிவாத் தெரியும்.

கோணரில நடக்கிறது இதை விட அருமை. காஸ்டர் உள்ள காரை வலப்பக்கம் திருப்பேக்க வெளிப்பக்கச் சில்லு, அதாவது இடது முன் சில்லு, தலையை உள்ளுக்குச் சாய்க்கும். உடம்பு வெளிப்பக்கம் சரியேக்க ரயர் கரையில நிக்காமல் முழு அகலமும் நிலத்தில பதியிறது இதாலதான். காஸ்டர் 5 டிகிரி, சில்லு திரும்பினது 20 டிகிரி எண்டா கிட்டத்தட்ட 1.7 டிகிரி நெகற்றிவ் கேம்பர் சும்மா கிடைக்குது, காஸ்டர் 2 எண்டா 0.7 கூட வராது. கிங்பின் சரிவு (அதே அச்சு முன்னால இருந்து பாக்கேக்க உள்ளுக்குச் சரிஞ்சிருக்கிறது) இதில கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துப்போடும், எண்டாலும் மிச்சம் இருக்கும். கேம்பரை நிரந்தரமா நெகற்றிவ்ல வைச்சா நேர் றோட்டில ரயரின்ர உள் கரை தேயும், காஸ்டரால வாற கேம்பர் திருப்பேக்க மட்டும் வந்து நேருக்கு வந்த உடன போயிடும். பென்ஸ் டபிள்யூ124 காருக்கு அந்தக் காலத்திலயே 10 டிகிரி அளவு காஸ்டர் குடுத்தது சும்மா இல்லை. காஸ்டர் கூடினா ஸ்டியரிங் பாரமாகும், பவர் ஸ்டியரிங் இருந்தபடியா அந்தப் பாரம் கையில தெரியேல்லை.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய கார்களுக்குக் குறைவாத்தான் வைச்சிருப்பாங்கள், கூட்டினா நிப்பாட்டி வைச்சுத் திருப்ப இரண்டு கை காணாது. என்ர டட்சன் சனி பி310 அந்த ரகம். முன்னுக்கு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த தூண்), கீழ ஒற்றை ஆம் (சில்லைச் சசியோட பிடிக்கிற கை), அந்த ஆமில இருந்து முன்பக்கம் சசிக்கு ஒரு டென்ஷன் ரொட் போகும். பிரேக் பிடிக்கேக்க சில்லைப் பின்னுக்குப் போக விடாமல் இழுத்து வைச்சிருக்கிறது அந்த ரொட்தான். சசியில அது பிடிபடுற இடத்தில ரப்பர் புஷ் இரண்டு, பிறாக்கெட்டுக்கு முன்னால ஒண்டு பின்னால ஒண்டு, வெளியில வோஷர், நட்.

இந்தக் காரில ஒரு விசித்திரம் இருந்தது. ஏ9 இல இடப்பக்கமா ஓடேக்க ஒரு பக்கமும் இழுக்காது, ஆனா பிடிப்பும் இல்லை, மிதக்கிற மாதிரி. மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் வந்து உள் ஒழுங்கைக் கிறவலில நடுவால ஓடேக்க வலப்பக்கம் இழுக்கும். அலைன்மென்ற் செய்த இடத்தில டோவைச் சரி பண்ணிட்டு றோட்டில ஓடிப் பாத்து "நேராத்தானே போகுது" எண்டிட்டினம். எங்கட ஊர்க் கராஜ் அண்ணைதான் கேட்ட உடன சொன்னார், "தம்பி, தார் றோட்டு இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு, தண்ணி ஓட. உன்ர கார் வலப்பக்கம் இழுக்குது. இரண்டும் ஒண்டை ஒண்டு வெட்டுறதால நேராப் போற மாதிரித் தெரியுது. கிறவல் நடுவில சரிவு இல்லை, அங்க உண்மை தெரியுது. வலது காஸ்டர் செத்துப்போச்சு."

அவர் சண்டைக் காலத்தில பெற்றோல் தடை இருக்கேக்க ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில ஓட வைச்ச ஆக்களில ஒருத்தர், ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு. மெசின் இல்லாமல் நூலும் தூக்குக் குண்டும் வைச்சு முன் சில்லு பாத்துப் பழகின கை. அவர் சொன்னது சரியான விதிதான்: இரண்டு பக்கமும் காஸ்டர் ஒத்து வராட்டி கார் குறைஞ்ச பக்கம்தான் இழுக்கும். வலது டென்ஷன் ரொட் புஷ்சைக் கழட்டிப் பாத்தா முன் புஷ் நசிஞ்சு பிஸ்கற் மாதிரிப் பொடிஞ்சு கொட்டுது. புஷ் போன அளவுக்கு ஆம் பின்னுக்குப் போயிருக்கு, கீழ் போல் ஜொயின்ட் பின்னுக்குப் போனா அச்சின்ர சரிவு குறையும்.

எதையும் திருப்ப முதல் அளக்கோணும் எண்டதில நான் விடாப்பிடி. காஸ்டரை வீட்டில அளக்கலாம், போன்ல இருக்கிற லெவல் அப்பும் ஒரு நேர் அலுமினியச் சட்டமும் காணும். இடம் நெல் காயப் போடுற சீமெந்துத் தளம், அறுவடை இல்லாத நேரம் அது சும்மா கிடக்கும். ஆனா அந்தத் தளங்கள் மழைத்தண்ணி வழிய ஒரு பக்கம் சரிச்சுத்தான் போட்டிருப்பினம், மேசன்மாரின்ர தண்ணிக் குழாய் மட்டத்தை வைச்சுப் பாத்தாத் தெரியும். அதனால சரிவு காருக்குக் குறுக்கால வாற மாதிரி நிப்பாட்டோணும். குறுக்குச் சரிவு இரண்டு அளவையிலயும் ஒரே மாதிரி வந்து கழிபட்டுப் போகும். முன் பின்னாச் சரிஞ்சிருந்தா 1 டிகிரிச் சரிவு அப்பிடியே 1 டிகிரிப் பிழையா காஸ்டரில ஏறும்.

முன் சில்லு ஒவ்வொண்டுக்கும் கீழ இரண்டு தகரத் தகடு, நடுவில கிறீஸ், சில்லு இறுகாமல் திரும்ப. பின் சில்லுக்கும் அதே உயரத்துக்கு ஏதாவது வைக்கோணும். பிரேக் பெடலுக்கும் சீற்றுக்கும் இடையில ஒரு தடியைச் செருகி பிரேக்கைப் பிடிச்சு வைக்கோணும், இல்லாட்டி திருப்பேக்க சில்லு உருளும். பிறகு நிலத்தில சோக்கால கோடு: நேர்க்கோட்டில 100 சென்ரிமீற்றர் போய் அங்க இருந்து பக்கத்துக்கு 36 சென்ரிமீற்றர் குறிச்சுச் சேர்த்தா அது 20 டிகிரி. சில்லின்ர முன்பக்கத்தை வெளிப்பக்கம் 20 டிகிரி திருப்பி, சட்டத்தை றிம்மின்ர மேல் விளிம்பிலயும் கீழ் விளிம்பிலயும் முட்ட வைச்சு கேம்பரை வாசி, உட்பக்கம் 20 டிகிரி திருப்பித் திரும்ப வாசி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரையால பெருக்கினா காஸ்டர். என்ர இடது சில்லுக்கு வித்தியாசம் 1.4 டிகிரி வந்தது, அதாவது காஸ்டர் 2 டிகிரிக்கு மேல கொஞ்சம். வலதுக்கு 0.7, அதாவது 1 டிகிரி. அண்ணை வாயால சொன்னதை போன் இலக்கத்தில சொன்னது.

இனிக் கூட்டுற கதை. இந்த டென்ஷன் ரொட்டில முன் நட்டை இறுக்கினா காஸ்டர் கூடும் எண்டு சில பேர் நம்புகினம். கூடாது, புஷ் நசியும், அவ்வளவுதான், நசிஞ்ச புஷ் கெதியில சாகும். ரொட்டை வெட்டி ஒட்டுறதும் கூடவே கூடாது, பிரேக் பிடிக்கேக்க முழு இழுவையும் வாற ரொட் அது, ஒட்டு விட்டா சில்லு பின்னுக்குப் போய் மட்காட்டில குத்தும். நான் கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில சொல்லி வைச்சு நீளம் மாத்தக்கூடிய ரொட் ஒரு சோடி எடுத்தன். நடுவில ஒரு பரல், ஒரு பக்கம் வலப்புரி மற்றப் பக்கம் இடப்புரி, இரண்டு பக்கமும் லொக் நட். சசிப் பக்கம் ரப்பர் புஷ்சே இருக்கட்டும் எண்டு பாத்து எடுத்தன். ரோஸ் ஜொயின்ட் (ரப்பர் இல்லாத இரும்பு உருண்டை ஜொயின்ட்) போட்டதும் விக்கினம், ரேஸ் காருக்கு நல்லது, எங்கட கிறவல் தூசிக்க அது கொஞ்ச நாளில டக் டக் எண்டு ஆடத் தொடங்கும்.

காரைக் குழிக்கு மேல நிப்பாட்டி சில்லில பாரம் இருக்கத்தான் வேலை, ஜக் போட்டுத் தூக்கி வைச்சு புஷ்சை இறுக்கினா கீழ இறக்கின உடன புஷ் முறுகும். புரி ஒண்டு 1.5 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் சேர்த்து பரலை ஒரு சுத்துச் சுத்தினா ரொட் 3 மில்லிமீற்றர் குறையும். என்ர காரில கீழ் போல் ஜொயின்டுக்கும் மேல் மவுன்ருக்கும் இடையில ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர், அதால போல் ஜொயின்ட் 1 சென்ரிமீற்றர் முன்னுக்கு வந்தா காஸ்டர் 1 டிகிரி அளவு கூடும், ஒரு சுத்துக்கு 0.3 டிகிரி. ஸ்பனரைப் போட்டு பரலைத் திருப்பேக்க குழிக்குள்ள நிண்டு பாத்தா ஆமின்ர நுனி மயிரிழை மயிரிழையா முன்னுக்கு வாறது தெரியும், பழைய கிறீஸ் கறை இருந்த இடத்துக்கும் இப்ப நிக்கிற இடத்துக்கும் இடையில வெறும் இரும்பு பளபளக்கும். ஒரு சுத்து, காரை முன்னுக்குப் பின்னுக்கு உருட்டி, பிறகு அடுத்த சுத்து. சில்லும் கூடவே முன்னுக்கு வரும் எண்டதை மறக்காமல், ஸ்டியரிங்கை முட்ட முட்டத் திருப்பி மட்காட்டின்ர முன் விளிம்பில ரயர் உரசுதோ எண்டு பாக்கோணும்.

இடது 3.5 டிகிரி, வலது 3.2 டிகிரி எண்டு விட்டன். இடதை வேணுமெண்டுதான் கொஞ்சம் கூட விட்டது. இடப்பக்கம் ஓடுற நாட்டில றோட்டு இடப்பக்கம் சரிஞ்சிருக்கும், கால் டிகிரி அரை டிகிரி இடதில கூட இருந்தா கார் அந்தச் சரிவில வழுக்கிப் போகாமல் நிக்கும். அதுக்குப் பிறகு டோவைத் திரும்பப் பாத்தது. காஸ்டர் மாறினா டோ மாறும், அதால முதல் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியாத்தான் டோ. முறையை மாத்திச் செய்தா செய்த வேலையை இன்னொருக்காச் செய்யோணும்.

ஓடிப் பாக்கிறதுக்கு சோழகம் எழும்ப முதல் விடியக்காலமை நல்லது. ஆடி ஆவணியில பின்னேரத்தில ஏ9 இல பக்கவாட்டுக் காத்து அடிக்கேக்க இழுக்கிறது காத்தோ காரோ எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. கனகராயன்குளம் தாண்டி கையை லேசா விட்டா ஸ்டியரிங் அசையேல்லை. எதிர்ல பஸ் ஒண்டு போய் அடிச்ச காத்தில கார் ஒருக்கா ஆடிப்போட்டு தானா நேருக்கு வந்தது, முந்தி அந்த இடத்தில நான்தான் பிடிச்சுத் திருத்தோணும். முறிகண்டியில தேங்காய் உடைக்க நிப்பாட்டிட்டு வெளிக்கிடேக்க வாகனங்களுக்கிடையில வெட்டி எடுக்கிறது மட்டும் முந்தினதை விடப் பாரம், அது உண்மை. இதுக்கு மேல கூட்ட எனக்கு விருப்பமில்லை. காஸ்டர் மெத்தக் கூடினா பள்ளத்தில விழேக்க ஸ்டியரிங் கையில அடிக்கும், றோட்டுச் சரிவையும் கார் கூடுதலா உணரும், பவர் ஸ்டியரிங் இல்லாத பி310 க்கு மூன்றரை காணும்.

இப்ப கனபேர் வைச்சிருக்கிற முன் சில்லு இழுக்கிற கார்களுக்கு, விட்ஸ், கொரோலா 121 மாதிரி, இப்பிடி ரொட் இல்லை, திருப்ப ஒரு நட்டும் இல்லை. எண்டாலும் ஒண்டும் செய்ய ஏலாது எண்டில்லை. லோவர் ஆமில பின்பக்கம் இருக்கிற பெரிய புஷ்தான் அங்க காஸ்டரைக் காக்கிறது. அது கிழிஞ்சா பிரேக் பிடிக்கேக்க ஆம் பின்னுக்குப் போய் அந்த நேரம் மட்டும் காஸ்டர் குறையும், கார் பிரேக்கில ஒரு பக்கம் பாயும், ஆக்கள் பிரேக் பாட்டைக் குற்றம் சொல்லுவினம். புஷ் நல்லா இருந்தும் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் வந்தா, ஏதோ ஒரு பள்ளத்தில அடிச்சு ஆம் வளைஞ்சிருக்கும் இல்லாட்டி சப் ஃபிறேம் (ஆம் பூட்டியிருக்கிற அடிச் சட்டம்) நகர்ந்திருக்கும். ஸ்டியரிங்கை நேரா வைச்சு ஒரு டேப்பை எடுத்து முன் சில்லு நடுவில இருந்து பின் சில்லு நடு மட்டும் இரண்டு பக்கமும் அளந்தாலே பாதி விளங்கிடும்.

கடைசியா ஒண்டு, வன்னியில இதைக் கட்டாயம் சொல்லோணும். என்ர மச்சான் ஹைலக்ஸ் விகோ கெப் வைச்சிருக்கிறார், காலபோகம் வெட்டினா நெல்லு மூட்டை, மற்ற நேரம் வெறுமன. பாரத்துக்கெண்டு பின் ஸ்பிரிங்கில கூடப் பட்டை போட்டிருக்கு, இஞ்ச அரைவாசிக் கெப் அப்பிடித்தான் நிக்குது. பட்டை போட்டா வெறுமன நிக்கேக்க பின்பக்கம் 5 சென்ரிமீற்றர் அளவு எழும்பி மூக்குக் குனியும். விகோவின்ர வீல்பேஸ் 3085 மில்லிமீற்றர், 5.4 சென்ரிமீற்றர் எழும்பினா முழு வாகனமும் 1 டிகிரி முன்னுக்குச் சரியும், அந்த 1 டிகிரியும் காஸ்டரில இருந்துதான் போகும். மூட்டை ஏத்தினா பின்பக்கம் இறங்கி காஸ்டர் திரும்ப வரும். "மச்சான், பாரத்தோட நல்லா ஓடுது, வெறுமன வந்தா ஐஸில ஓடுற மாதிரிக் கிடக்கு" எண்டு அவர் சொன்னதுக்கு இதுதான் காரணம், ஸ்டியரிங் பொக்ஸை மாத்தச் சொல்லி இன்னொரு இடத்தில விலையும் சொல்லியிருக்கினம்.

விகோவில நல்ல விசயம், லோவர் ஆமின்ர முன் போல்ற்றிலயும் பின் போல்ற்றிலயும் கேம் (மையம் விலகின வட்டு, திருப்பினா ஆம் நகரும்) இருக்கு. முன் கேமை உள்ளுக்கும் பின் கேமை வெளிக்கும் திருப்பினா கீழ் போல் ஜொயின்ட் முன்னுக்கு வரும், காஸ்டர் கூடும், இரண்டையும் பாத்துத் திருப்பினா கேம்பர் அசையாமல் நிக்கும். பட்டை போட்ட வாகனம் எண்டா வெறுமன நிக்கேக்கயே அளவு சரியா வாற மாதிரி வைக்கச் சொல்லுங்கோ. பாரம் ஏறேக்க அதுக்கு மேல 1 டிகிரி கூடினாலும் பவர் ஸ்டியரிங் தாங்கும், குறையிறதுதான் ஆபத்து. அந்தக் கேம் போல்ற்றுகள் எங்கட சேத்து வயலில இறங்கி ஏறித் துருப்பிடிச்சு புஷ் குழாயோட ஒட்டியிருக்கும், மச்சான்ர வாகனத்தில ஒண்டு சுத்தியலுக்கும் அசையேல்லை. மெசினுக்குப் போக முதல் நாளே எண்ணெய் அடிச்சு ஊற விட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டி அங்கயும் டோவை மட்டும் பாத்திட்டு அனுப்பிப்போடுவினம்.